நடுவுல பன்னெண்டு இஞ்ச்

மூணா? மூணு வைக்க முடியாதுங்க அம்மிணி. உங்க காரும் எங்க கார் மாதிரி சின்னதுதானே? நீங்க நிறுத்தறப்பவே மாடியில இருந்து பாத்துட்டேன். பின்னாடி சீட்டு நாப்பத்தெட்டு இஞ்ச் இருக்கும், அதுக்கு மேல ஒரு நூல் இருக்காது. நான் விக்கற குழந்தை சீட்டு ஒண்ணு பதினெட்டு. ரெண்டு வெச்சா முப்பத்தாறு. மிச்சம் பன்னெண்டு. பன்னெண்டு இஞ்ச்ல ஒரு குழந்தை உக்காருமான்னா, உக்காரும். ஆனா உக்காந்த மாதிரி இருக்காது. உள்ள வாங்க. செருப்பு அங்கயே கிடக்கட்டும், யாரும் எடுக்க மாட்டாங்க. அந்தத் துணிய அக்கட்ட தள்ளிட்டு உக்காருங்க. கல்யாண பிளவுஸு, சாயங்காலம் குடுக்கோணும். நான் கொக்கி வெச்சுட்டே பேசறேன், தப்பா நெனைச்சுக்காதீங்க.

சீட்டு ரெண்டையும் தொட்டுப் பாருங்க. வாங்கி ஒரு வருஷம்கூட ஆகல. ரெண்டு பக்கமும் கை வைக்க மெத்தை, தண்ணி பாட்டில் வைக்கக் குழி, தூங்குனா தலை தொங்காம இருக்கத் தடுப்பு. உறையக் கழட்டித் துவைச்சுக்கலாம். அப்புறம் ஏன் குடுக்கறேன்னு கேப்பீங்க. எங்க வீட்டுக்காரருக்கு இதைக் கண்டாலே ஆக மாட்டேங்குது. "எடுத்து எங்கயாவது போட்டுத் தொலை"ங்கறாரு. நல்ல பொருளை எங்கயாவது போட முடியுமா? அதுதான் நம்ம ஏரியா குரூப்புல படம் போட்டேன்.

ஏன் ஆகலைன்னு உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன. உங்களுக்கும் மூணு பிள்ளைங்கறீங்க, தெரிஞ்சு வெச்சுக்கறது நல்லதுதான்.

எனக்கு ரெண்டுதான். பிரணவுக்கு ஆறு வயசு, நிலானிக்கு நாலு. மூணாவது எங்க வீட்டுக்காரரோட தங்கச்சி பொண்ணு. சாருமதி, எட்டு வயசு. தங்கச்சிக்காரி சுகந்தி காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்குப் போனவ திரும்பி வரல. அவ புருஷன் வருஷம் திரும்பறதுக்குள்ள வேற கல்யாணம் பண்ணிட்டு மஸ்கட்டுக்குப் போயிட்டான். அப்புறம் பிள்ளை யாரு தலையில விடியும்? தாய்மாமன் தலையிலதான். தாய்மாமன் தலையிலன்னா என்னங்க அர்த்தம், தாய்மாமன் பொண்டாட்டி தலையில.

செத்தவளைக் குறை சொல்லக் கூடாது. ஆனாலும் சொல்றேன். சுகந்தி இருந்த வரைக்கும் என்னைய அண்ணின்னு கூப்பிட்டது கம்மி. "எங்கண்ணன் ஒரு தையக்காரியக் கட்டிருக்கு"ன்னு ஊரெல்லாம் சொன்னதுதான் ஜாஸ்தி. அதையும் நான் தெச்சுக் குடுத்த பிளவுஸைப் போட்டுக்கிட்டேதான் சொல்லுவா. அந்தப் பிள்ளைக்கு அப்படியே அவ மூஞ்சி. உரிச்சு வெச்சிருக்கு. காலைல நான் எந்திரிச்சுக் கதவைத் திறந்தா, சுகந்தி எட்டு வயசாகிப் பல்லு வெளக்கிட்டு நிக்கறா. உங்களுக்கு எப்படி இருக்கும், சொல்லுங்க.

அதுக்காக நான் கொடுமைப்படுத்துனேன்னு நெனைக்காதீங்க. ஒரு அடி அடிச்சதில்ல. அக்கம்பக்கத்துல கேட்டுப் பாருங்க. ஸ்கூல் யூனிபார்ம் நானேதான் தெச்சேன். மிச்சத் துணியில தெச்சதுதான், ஆனா எங்க ஒட்டுப் போட்டிருக்குன்னு ஒருத்தராலயும் கண்டுபிடிக்க முடியாது. வேலை சுத்தம்.

ஆனா ஒண்ணு, அந்தப் பிள்ளைக்கு ஒரு நெனப்பு இருந்துச்சு. தாய்மாமன் மடியில உக்காந்து காது குத்திக்கிட்டவ இல்ல? அதனால மாமன் வீட்டுல பாதி, மாமன் காருல பாதி தன்னதுன்னு நெனப்பு. அவரு சாவிய எடுத்தாப் போதும், முதல் ஆளா ஓடிப்போயி நடுவுல உக்காந்துக்குவா. நடுவுல உக்காந்தாத்தான் கண்ணாடியில மாமன் மூஞ்சி தெரியுமாம். இவரும் வண்டி ஓட்டிக்கிட்டே கண்ணாடியப் பாத்துச் சிரிப்பாரு. நான் பக்கத்துல உக்காந்திருக்கேன், என்னையப் பாத்துச் சிரிச்சு எத்தனை நாளாச்சு. இதுல கீழ்வீட்டு அக்கா வேற, "என்ன கோகிலா, மருமகளை இப்பவே வீட்டோட வளக்கறே"ன்னு கேலி. பிரணவைவிட ரெண்டு வயசு மூத்தவ. கேலிக்கும் ஒரு அளவு வேண்டாமா?

அப்பத்தான் ஸ்கூல்ல ஒரு கூட்டம் போட்டாங்க. சின்னப் பிள்ளைகளை வெறுமனே சீட்டுல உக்கார வெச்சு பெல்ட்டு போட்டா, பெல்ட்டு தோள்ல விழாம கழுத்துல விழும், பிரேக் போட்டா அறுத்துரும், அதனால அடியில உயரமா இந்த மாதிரி ஒரு சீட்டு வெச்சு உக்கார வைங்கன்னு சொன்னாங்களாம். இவரு அன்னிக்கு வெளிறிப்போயி வந்தாரு. என்ற இஞ்ச் டேப்பை எடுத்துட்டுப் போயி காரை அளந்தாரு. ராத்திரி பூரா போன்லயே தேடுனாரு. "கோகிலா, பதினாலு இஞ்ச்ல இருக்குது. கை இல்ல, முதுகு இல்ல, அடியில மட்டும் வர்றது. மூணும் அதுவே வாங்கிட்டா நாப்பத்தி ரெண்டுதான். தாராளமா உக்காரும்"னாரு.

படத்தைப் பாத்தேன். மணைக்கட்டைங்க. சாப்பிட உக்கார்ற மணை. அதுல என்ற குழந்தைக உக்காரோணுமா? ஒரு ஆளுக்கு இடம் பண்றதுக்காக மூணு பேரும் மணையில உக்காரோணும், எந்த ஊரு நியாயம்? மறுநா அவரு வேலைக்குப் போனதும் இந்த ரெண்டையும் ஆர்டர் பண்ணிட்டேன். சின்னதுக ரெண்டுக்குத்தான் முதல்ல அவசரம், சாரு பெரியவ, அவளுக்கு அப்புறம் பாத்துக்கலாம்னு சொன்னேன். அவரு என்ன பண்ணாரு தெரியுமா? என்கிட்டச் சொல்லாம அவளுக்கு மட்டும் அந்தப் பதினாலு இஞ்ச் மணைய வரவெச்சுட்டாரு. பன்னெண்டுல பதினாலு எப்படிங்க போகும்? வந்த பெட்டிய நான் பிரிக்கவே இல்ல, கொண்டு வந்த ஆள்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டேன்.

சாயங்காலம் வந்து கேட்டாரு. பத்தலைன்னேன். "வெச்சுப் பாத்தியா?"ன்னாரு. முப்பது பேருக்கு அளவெடுக்கறவ நான், வெச்சுப் பாத்தாத்தான் தெரியோணுமா? "பெருசு ரெண்டையும் குடுத்துட்டு, மூணும் சின்னதா மாத்திக்கலாமா?"ன்னாரு. நிலானி கூப்பாடு போட்டு அழுதா. சும்மா அழல, நான் தொடையில லேசாக் கிள்ளுனேன், அதையும் சொல்லிடறேன். குழந்தை அழுதா அவருக்குத் தாங்காது. பேச்சு அதோட நின்னுபோச்சு.

அப்பத்தான் சாரு வந்து நின்னா. "மாமா, எனக்கு சீட்டு வேண்டாம். நான் நடுவுலயே உக்காந்துக்கறேன். எனக்குப் பத்தும்"னா. நல்ல பேரு வாங்கறதுல கெட்டிக்காரி. பத்துமா பத்தாதான்னு நான் எல்லாரு முன்னாலயும் டேப்பை வெச்சுக் காமிச்சேன். உக்காந்த வாக்குல இடுப்பு அகலம் பதினொண்ணு வந்துச்சு. நான் பதிமூணுன்னேன். பொய் இல்லைங்க. வளர்ற பிள்ளைகளுக்கு எப்பவும் ரெண்டு இஞ்ச் லூஸ் விட்டுத்தான் அளவு சொல்லோணும், அதுதான் தொழில். பதிமூணு எப்படிப் பன்னெண்டுல உக்காரும்? "இனி வெளியூருன்னா நீ பாட்டி வீட்டுல இருந்துக்கோ சாரு"ன்னேன். பாட்டின்னா எங்கம்மா. எங்கம்மாவுக்கு அவளைக் கண்டாலே எரியும், அது வேற.

அன்னில இருந்து ஒரு கூத்து ஆரம்பிச்சா பாருங்க. சோத்தைக் குறைச்சுட்டா. மூணு தோசை தின்னவ ஒண்ணோட எந்திரிச்சுருவா. மத்தியானம் டப்பால போட்டு விட்டது அப்படியே திரும்பி வரும். கேட்டா பசிக்கலைம்பா. ஒரு வாரம் கழிச்சு, நான் மிஷின்ல உக்காந்திருக்கறப்ப பக்கத்துல வந்து டேப்பை எடுத்து நீட்டறா. "அத்தை, இப்ப அளந்து பாருங்க"ன்னா.

அளந்தேன். நான் ஒண்ணும் கல்மனசுக்காரி இல்ல. பத்தரை இருந்துச்சு. ரெண்டு சேத்துப் பன்னெண்டரைன்னேன். "இன்னும் அரை இஞ்ச்தானா அத்தை?"ன்னு சிரிச்சுட்டே ஓடுறா. அடுத்த வாரம் மறுபடி வந்தா. அதுக்கடுத்த வாரமும் வந்தா. வேலை நேரத்துல இது ஒரு தொந்தரவு. கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சு. ஸ்கூல்ல டீச்சர் கூப்பிட்டு என்னையக் கேக்கறாங்க, "வீட்டுல சரியாச் சாப்பாடு குடுக்கறீங்களா?"ன்னு. எனக்கு எப்படி இருந்திருக்கும்! நான் குடுக்கலையா? குடுத்ததை அவ தின்னலைன்னா அதுக்கு நானா பொறுப்பு? பிள்ளைன்னா பிள்ளை மாதிரி இருக்கோணும். பெரியவங்களுக்குக் கெட்ட பேரு வாங்கித் தர்றதுக்குன்னே பட்டினி கிடந்தா என்ன பண்றது?

கடைசியில நான்தான் விட்டுக் குடுத்தேன். நிலானிக்குக் காதுகுத்து வந்துச்சு. காங்கேயம் தாண்டி எங்க குலதெய்வம் கோயில். கிடா வெட்டு, முன்னூறு பேருக்குச் சாப்பாடு. எங்கண்ணன் மடியில என்ற பொண்ணை உக்கார வைக்கோணும்னு நாலு வருஷமா நான் ஆசைப்பட்ட விசேஷம். அதுக்கு அவளை விட்டுட்டுப் போனா சொந்தபந்தம் என்ன பேசும்? சரி, வான்னேன்.

காலைல ஆறு மணிக்குக் கிளம்பறோம். அவரு பின்னாடி மூட்டை ஏத்திட்டிருந்தாரு. நான்தான் மூணையும் உக்கார வெச்சேன். இவளும் உக்காந்துட்டா, ரெண்டு சீட்டுக்கும் நடுவுல, தோளைச் சுருக்கிக்கிட்டு. பெல்ட்டு போடலாம்னு பாத்தா, நடுவுல இருக்கற பெல்ட்டோட லாக் பிரணவ் சீட்டுக்கு அடியில போயி மாட்டிக்கிச்சு. கை போக மாட்டேங்குது. சீட்டைத் தூக்கி எடுத்தாத்தான் லாக் கிடைக்கும். நல்ல நேரம் போயிட்டிருக்கு, பிரணவ் பட்டு வேட்டி கட்டி உக்காந்துட்டான், எவ எந்திரிக்கச் சொல்லுவா? பெல்ட்டை இழுத்து அவ மடி மேல போட்டு, நுனிய சீட்டுக்கு அடியில சொருகி விட்டேன். பாக்கறதுக்குப் போட்ட மாதிரியே இருந்துச்சு. "கையில புடிச்சுக்க"ன்னேன்.

"அத்தை, இது மாட்டல"ன்னா.

"தெரியும். மாமாகிட்டச் சொன்னே, நேரா ஹாஸ்டல்தான்"னேன். அதிகமாப் பேசல, அவ்வளவுதான் சொன்னேன். அவளுக்கு ஹாஸ்டல்னா உசுரே போயிரும். அவங்கப்பன் போறப்ப முதல்ல ஹாஸ்டல்லதான் தள்ளிட்டுப் போனான். மாமன்தான் மூணாம் நாள் போயிக் கூட்டிட்டு வந்தாரு. "சொல்ல மாட்டேன் அத்தை, என்னைய இங்கயே வெச்சுக்கங்க"ன்னா. சரின்னேன்.

அவரு வந்து உக்காந்து கண்ணாடியப் பாத்தாரு. "எல்லாரும் பெல்ட்டு போட்டாச்சா?"ன்னாரு. போட்டாச்சுன்னேன். "சாரு?"ன்னாரு தனியா. "போட்டுட்டேன் மாமா"ன்னு ரெண்டு கையாலயும் அந்தப் பெல்ட்டைப் புடிச்சுக் காமிச்சா.

காங்கேயத்துக்கு முன்னால ஒரு வளைவு. ஒரு கிழவன் மொபெட்டுல புல்லுக்கட்டை வெச்சுக்கிட்டு அவம்பாட்டுக்குக் குறுக்க வந்துட்டான். இவரு மிதிச்சாரு பிரேக். என்ற குழந்தைக ரெண்டும் அசையல. சீட்டுன்னா இதுதான் சீட்டு, அதுக்குத்தான் நான் சொல்றேன், யோசிக்காம எடுத்துக்கங்க. இவதான் நடுவுல இருந்து பறந்து வந்தா. என்ற தோள்ல இடிச்சு, கியர் மேல போயி விழுந்தா. எனக்கும் அடிதான், நாலு நாளைக்கு இந்தக் கையத் தூக்க முடியல. அதை இன்னிக்கு வரைக்கும் ஒருத்தரும் கேக்கல.

அவளுக்குத் தோள்பட்டை எலும்பு ஒடைஞ்சு போச்சு. முன்பல்லு ரெண்டு போச்சு. வாயெல்லாம் ரத்தம். அந்தப் பெல்ட்டை மட்டும் கையில இருந்து விடல. விரலைப் பிரிச்சுத்தான் எடுத்தாங்க.

எங்க காதுகுத்து? எல்லாம் நின்னுபோச்சு. அங்க கோயில்ல கிடா வெட்டியாச்சு, எங்கண்ணன் மடிய விரிச்சுட்டு உக்காந்திருக்காரு, நாங்க ஆஸ்பத்திரி வராண்டாவுல நிக்கறோம். வந்தவங்க போனவங்க எல்லாரும் சாரு எப்படி இருக்கா, சாரு எப்படி இருக்கான்னு கேட்டாங்களே ஒழிய, என்ற பொண்ணு காதைப் பத்தி ஒருத்தர் கேக்கலைங்க. நானும் மனுஷிதானே?

டாக்டரம்மா வந்தாங்க. "பெல்ட்டு போட்டிருந்தா இப்படி ஆகியிருக்காதே, யாரு கவனிக்காம விட்டது?"ன்னு அவரு மூஞ்சியப் பாத்துக் கேட்டாங்க. அவரு என் மூஞ்சியப் பாத்தாரு. அந்தப் பார்வைய நான் கல்யாணமான நாள்ல இருந்து பாத்ததில்ல. "நான் போட்டுத்தானே விட்டேன்! ஏன்டி கண்ணு, நடுவழியில நீயா கழட்டிட்டியா?"ன்னு அவளைத்தான் கேட்டேன். கேள்விதாங்க கேட்டேன். பழி போடல.

அவ படுத்தவாக்குல என்னையவே கொஞ்ச நேரம் பாத்தா. அப்புறம் மாமனைப் பாத்துத் திரும்புனா. பல்லு போன வாயி, பேச்சு சரியா வரல. "நான்தான் கழட்டிட்டேன் மாமா. இறுக்கிச்சு"ன்னா.

கேட்டுக்கங்க. அவளே ஒத்துக்கிட்டா.

இவரு அப்படியே சுவத்துல சாஞ்சு உக்காந்துட்டாரு. "நான் கேட்டனே சாரு, போட்டுட்டேன்னு சொன்னியே"ன்னு தேம்பித் தேம்பி அழுதாரு. ஆம்பளை அழுது நான் பாத்ததில்லைங்க, எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. அவரு வெளிய போனதும் அவ என்னையக் கிட்டக் கூப்பிட்டா. "அத்தை, சரியாச் சொன்னேனா?"ன்னா. சரின்னு தலையாட்டுனேன். அதுக்கு மேல நர்ஸ் வந்துட்டாங்க.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆச்சு. அப்புறம் ஒரு நாள் அவரே சொன்னாரு, நான் சொல்லலைங்க, எங்கம்மா மேல சத்தியமா அவரேதான் சொன்னாரு. "என்னால முடியல கோகிலா. ஒரு நிமிஷம் திரும்பறதுக்குள்ள கழட்டிடறா. சாப்பிடவும் மாட்டேங்கறா. நாளைக்கு வேற ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா சுகந்திக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? கண்டிப்பா பாத்துக்கற இடமா ஒரு ஹாஸ்டல்ல விட்டரலாம்"னாரு. நான் ரெண்டு தடவை வேண்டாம்னுதான் சொன்னேன். மூணாவது தடவை சொல்லல. புருஷன் முடிவெடுத்த பொறவு குறுக்க பேசறது நல்லாவா இருக்கும்?

எலும்பு கூடுனதும் ஜூன்ல கொண்டுபோயி விட்டோம். தாராபுரம் பக்கம், நல்ல இடம்தான். பால் உண்டு, முட்டை உண்டு. அவரு பாரத்துல கையெழுத்துப் போட ஆபீசுக்குள்ள போனாரு. நான் அவ பெட்டியோட வெளிய நின்னுட்டிருந்தேன். என் முந்தானையப் புடிச்சு இழுத்தா. குனிஞ்சேன். "அத்தை, நான் இன்னும் மாமாகிட்டச் சொல்லவே இல்ல"ன்னா.

நல்ல பிள்ளை, அப்படியே இருன்னு கன்னத்தைத் தட்டி உள்ள அனுப்பி வெச்சேன்.

அவரு அதுல இருந்துதான் இந்த சீட்டைக் கண்டா மூஞ்சியத் திருப்பிக்கறாரு. வண்டிய எடுத்தாலும் கண்ணாடியப் பாக்கறதில்ல. அந்தப் பிள்ளை பரவால்ல, பழகிக்கிச்சு. ஞாயித்துக்கிழமை ஆனா போன் பண்ணுவா. மாமன்கிட்ட ஒரு நிமிஷம் பேசுவா, அப்புறம் அத்தைகிட்டக் குடுங்கம்பா. வேற எதுவும் கேக்க மாட்டா. "அத்தை, இந்த வாரமும் சொல்லல"ம்பா. நானும் சரிடா கண்ணுன்னு வெச்சுருவேன்.